இதயத்தின் மேலறைகள் எதற்கு? கீழறைகள் மட்டும் இருந்தால் போதாதா?

வளவன்:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் சந்தேகம் இது. பள்ளியில் படித்தது நினைவிருக்கும்: இதயத்தில் நான்கு அறைகள், மேலே இரண்டு, கீழே இரண்டு. உடம்பிலிருந்து வரும் ரத்தம் வலது மேலறை, வலது கீழறை வழியாக நுரையீரலுக்குப் போகும். அங்கே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு இடது மேலறைக்கு வந்து, இடது கீழறை வழியாகப் பெருந்தமனிக்குப் போகும். மேலறை சுருங்கினால் ரத்தம் கீழறைக்கு இறங்கும், கீழறை சுருங்கினால் வெளியே போகும். இதுவரை சரி.

என் பெரியப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா நடுங்கிக்கொண்டே இருக்கின்றன என்று டாக்டர் விளக்கினார். ஆனால் பெரியப்பா நடக்கிறார், மாடி ஏறுகிறார், தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார். மேலறை சுருங்காமலே கீழறைக்கு ரத்தம் போய்ச் சேருகிறது என்றால் மேலறை எதற்கு? சிரைகள் நேராகக் கீழறையில் வந்து சேர்ந்தால் என்ன கெட்டுவிடும்? கீழறை ரத்தத்தைத் தானே இழுத்துக்கொள்ளுமா, யாராவது தள்ளிவிட்டே ஆக வேண்டுமா?

தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

தேன்மொழி:

வளவன் அண்ணா, நான் மருத்துவம் கடைசி ஆண்டு படிக்கிறேன். எங்கள் வகுப்பிலும் பலர் குழம்பிய இடம் இது. புத்தகப் படத்தில் அம்புக்குறி போட்டிருப்பதைப் பார்த்தால், மேலறை சுருங்கும்வரை கீழறை காலியாகக் காத்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் அப்படி இல்லை.

நிமிடத்துக்கு 75 துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. அதில் கீழறை சுருங்கியிருப்பது ஏறத்தாழ 0.3 நொடி, தளர்ந்திருப்பது 0.5 நொடி. கீழறை தளர்ந்து அதன் உள்ளழுத்தம் மேலறையின் அழுத்தத்துக்குக் கீழே இறங்கியதுமே இடையிலுள்ள வால்வு திறந்துவிடும். மேலறையில் சேர்ந்திருந்த ரத்தம் மளமளவென்று உள்ளே பாயும். அந்த நேரத்தில் மேலறை சுருங்கவே இல்லை. அது சுருங்குவது கடைசி 0.1 நொடியில்தான். அதற்குள் கீழறை 70 முதல் 80 சதவீதம் வரை நிரம்பியிருக்கும். மிச்சம் 20, 30 சதவீதத்தைத்தான் மேலறை அழுத்தித் தள்ளுகிறது.

ஓய்வாக இருக்கும்போது இந்தக் கடைசித் தள்ளல் இல்லாவிட்டாலும் பலரால் சமாளிக்க முடியும். உங்கள் பெரியப்பா நடப்பதற்கு அதுதான் காரணம்.

சுடர்:

அப்படியானால் வளவன் கேட்டது சரிதானே? 20 சதவீதத்துக்காக இரண்டு அறைகளா? மேலறை என்பது வெறும் வழிப்பாதை என்றுதான் எனக்குப் படுகிறது. உண்மையான பம்ப் கீழறைதான். அதிலும் இடது கீழறை. அது உடம்பு முழுக்க ரத்தம் அனுப்ப வேண்டும், அதனால் பெரியது. வலது கீழறை பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குக் கொஞ்சம் ரத்தம் அனுப்பினால் போதும், அதனால் சிறியது.

கதிர் (உடலியங்கியல் ஆசிரியர், ஓய்வு):

சுடர் தம்பி, கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது விளங்கினால் மற்றது எளிது. வலது கீழறை கொஞ்சம் ரத்தம்தான் அனுப்புகிறது என்பது தவறு. இரண்டு கீழறைகளும் அனுப்பும் ரத்தத்தின் அளவு ஒன்றுதான். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மி.லி., நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். நுரையீரலுக்குப் போன ரத்தம் முழுவதும் இடது பக்கம் திரும்பி வந்தாக வேண்டும், வேறு வழியே கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இடது கீழறை அனுப்புவதைவிட வலது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் 1 மி.லி. மட்டும் கூடுதலாக அனுப்புகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 75 மி.லி., ஒரு மணி நேரத்தில் 4,500 மி.லி. உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 5 லிட்டர் அளவுதான். ஒரு மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட எல்லா ரத்தமும் நுரையீரலில் தேங்கிவிடும். அப்படி நடப்பதில்லை. காரணம், கீழறைத் தசைக்கு உள்ள ஒரு குணம்: அது எவ்வளவு விரிகிறதோ, ஓர் எல்லைவரை, அவ்வளவு பலமாகச் சுருங்கும். வலதுபக்கம் கூடுதலாக அனுப்பினால் இடது கீழறை கூடுதலாக நிரம்பும், கூடுதலாக விரியும், அடுத்த துடிப்பிலேயே கூடுதலாக வெளியேற்றும். மூளை சொல்லித் தர வேண்டியதில்லை, நரம்பு வேண்டியதில்லை. இதை 1895-ல் ஓட்டோ ஃபிராங்க் தவளை இதயத்தில் காட்டினார், பின்னால் எர்னஸ்ட் ஸ்டார்லிங் பாலூட்டி இதயத்தில் நிறுவினார். ஃபிராங்க்-ஸ்டார்லிங் விதி என்று இருவர் பெயராலும் வழங்குகிறது. உடலியங்கியலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், வகுப்பெடுத்த ஒவ்வோர் ஆண்டும் இதற்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குவேன்.

அப்புறம் இடதின் தடிமன் எதற்கு? அளவுக்காக அல்ல, அழுத்தத்துக்காக. வலது கீழறை சுருங்கும்போது உச்ச அழுத்தம் 25 மி.மீ. பாதரசம் அளவில் இருக்கும். இடதில் 120. அதனால்தான் இடது கீழறைச் சுவர் சுமார் 1 செ.மீ., வலது 3, 4 மி.மீ. உள்ளே கொள்ளும் இடம் என்று பார்த்தால் வலது சற்றுப் பெரியதாகக்கூட இருக்கும்.

இப்போது மேலறை. வளவன், சிரைகளில் ரத்தம் விட்டுவிட்டு வருவதில்லை, தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் கீழறை சுருங்கும் 0.3 நொடியும், அதையடுத்து அது தளரும் ஆரம்பக் கணமும் அதன் நுழைவாயில் மூடியிருக்கும். வந்துகொண்டிருக்கும் ரத்தம் அந்த நேரத்தில் எங்கே போகும்? மேலறைதான் வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒரு துடிப்பின் ரத்தத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் இப்படி இடது மேலறையில் தேங்கி, வால்வு திறந்ததும் ஒரே பாய்ச்சலாக இறங்குகிறது. ஆக மேலறைக்கு மூன்று வேலைகள். வாங்கி வைப்பது, வழிவிடுவது, கடைசியில் தள்ளுவது. புத்தகங்கள் மூன்றாவதை மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டன. முதலாவதுதான் முக்கியம் என்பேன்.

மேலறை இல்லாமல் நுரையீரல் சிரைகள் நேராகக் கீழறையில் சேர்ந்தால், ஒவ்வொரு முறை வாயில் மூடும்போதும் சிரைகளில் அழுத்தம் ஏறும். இடது மேலறையின் சராசரி அழுத்தம் 8, 10 மி.மீ. அளவுதான். அது 25-ஐத் தாண்டினால் நுரையீரலின் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து மூச்சுப்பைகளுக்குள் வரத் தொடங்கும். மெல்லிய சுவருள்ள, எளிதில் விரியும் ஓர் அறை நடுவில் நின்று வாங்கிக்கொள்வதால்தான் நுரையீரல் நனையாமல் இருக்கிறது.

வளவன்:

சார், இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. வாயில் மூடியிருக்கும் நேரத்தில் ரத்தம் எங்கே போகும் என்ற கேள்வியே எனக்குத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. கீழறை இழுத்துக்கொள்ளுமா?

அலைமகள்:

இழுக்கும் தம்பி. நான் எக்கோ, அதாவது ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் பரிசோதனை, எடுக்கும் வேலையில் இருக்கிறேன். நாள் முழுக்கத் திரையில் பார்ப்பது இதைத்தான், அதனால் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்.

இடது கீழறை பலூன் சுருங்குவதுபோல எல்லாப் பக்கமும் உள்நோக்கிச் சுருங்குவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அதன் தசை இழைகள் சாய்வாகச் சுற்றிச் செல்பவை. உட்புற இழைகள் ஒரு திசையில் சாய்ந்திருக்கும், வெளிப்புற இழைகள் எதிர்த்திசையில். அதனால் சுருங்கும்போது ஈரத் துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொள்ளும், கீழ்முனை ஒரு பக்கம் திரும்ப, வால்வுகள் இருக்கும் மேற்பகுதி மறுபக்கம் திரும்பும். தளரும்போது அந்த முறுக்கு சட்டென்று விடுபடும். அந்தக் கணத்தில் அறைக்குள் அழுத்தம் வேகமாக இறங்குவதால் ரத்தம் மேலறையிலிருந்து உறிஞ்சப்படுகிறது. ஆரோக்கியமான இளம் இதயத்தில் இதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

இன்னொன்று. இதயத்தின் முனை பெரிதாக நகர்வதில்லை. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் வால்வு வளையம்தான் ஒவ்வொரு துடிப்பிலும் முனையை நோக்கிக் கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறுகிறது. 1 செ.மீ.க்கும் கூடுதலாக இறங்கும். வளையம் இறங்கினால் கீழறை சுருங்குகிறது, சரி. ஆனால் அதே நேரத்தில் மேலறை நீளுகிறது, அதன் கொள்ளளவு கூடுகிறது. கீழறை ரத்தத்தை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும் அதே வேளையில், அதே அசைவால் அடுத்த துடிப்புக்கான ரத்தத்தை மேலறைக்குள் இழுத்தும் வைக்கிறது. கதிர் சார் சொன்ன ‘வாங்கி வைப்பது’ இப்படித்தான் நடக்கிறது.

இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவிலுள்ள மிட்ரல் வால்வைக் குறிவைத்து அலைக்கோடு எடுத்தால், ஒவ்வொரு துடிப்பிலும் அது இரண்டு முறை திறப்பது தெரியும். முதலில் பெரிதாக, பிறகு பாதி மூடி, மறுபடி சிறிதாக. ரத்தம் பாயும் வேகத்தைக் காட்டும் டாப்ளரில் இரண்டு முகடுகள் வரும், முதல் முகடு ஈ அலை, இரண்டாவது ஏ அலை. ஈ அலை தானாக நிரம்பும் ரத்தம். ஏ அலை மேலறை தள்ளும் ரத்தம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பவர்களுக்கு ஏ அலை இருக்காது. ஈ மட்டும் வரும், அதுவும் ஒவ்வொரு துடிப்பிலும் ஒவ்வோர் உயரத்தில்.

சுடர்:

அக்கா, கதிர் சார், இரண்டு பேருக்கும் நன்றி. வழிப்பாதை என்ற பேச்சை விட்டுவிடுகிறேன். ஆனால் மேலறை தள்ளும் அந்த 20 சதவீதம் யாருக்குமே அவசியமில்லையா?

தேன்மொழி:

அவசியப்படும் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மிட்ரல் வால்வின் வழி குறுகிப்போனவர்கள், கீழறைச் சுவர் தடித்து விறைத்தவர்கள். இவர்களுக்குத் தானாக நிரம்பும் பங்கு குறைந்துவிடும், மேலறையின் தள்ளல்தான் மிச்சத்தை ஈடுகட்டிக்கொண்டிருக்கும். இவர்களுக்குத் திடீரென்று ஃபிப்ரிலேஷன் வந்தால் சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறலோடு வந்து நிற்பார்கள்.

இதயம் வேகமாகத் துடிக்கும்போதும் அப்படித்தான். வேகம் கூடினால் சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறையும், தளரும் நேரம்தான் பெருமளவு குறையும். நிரம்ப நேரம் இல்லாதபோது மேலறையின் பங்கு பெரிதாகிறது. அது மட்டுமில்லை, இடது கீழறைத் தசை தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் தளர்ந்திருக்கும்போதுதான் பெறுகிறது. சுருங்கும்போது தன் சுவருக்குள் ஓடும் ரத்தக்குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. அதனால் தளரும் நேரம் போனால் இரண்டு பக்கமும் நஷ்டம். உங்கள் பெரியப்பாவுக்கு நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுத்திருப்பார்கள், இல்லையா? நோக்கம் இதுதான்.

வளவன்:

ஆமாம், கொடுத்திருக்கிறார்கள். கூடவே ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும். துடிப்புக் கோளாறுக்கு எதற்கு அந்த மாத்திரை என்று வீட்டில் ஒரே பேச்சு. பெரியப்பா அதை நிறுத்திவிடலாமா என்றுகூடக் கேட்கிறார்.

அலைமகள்:

வேண்டாம் தம்பி. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. இடது மேலறையின் பக்கத்தில் விரல்போல நீண்ட ஒரு சிறு பை உண்டு. மேலறை ஒழுங்காகச் சுருங்கினால் அந்தப் பையும் ஒவ்வொரு துடிப்பிலும் காலியாகும். நடுக்கம் மட்டும் இருந்தால் ரத்தம் அதற்குள் தேங்கும். உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுக்கும்போது அந்தப் பைக்குள் ரத்தம் புகைபோல மெதுவாகச் சுழல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தேங்கினால் உறையும். உறைந்த கட்டி பிய்ந்தால் இடது கீழறை, பெருந்தமனி என்று போய், மூளைக்குப் போகும் குழாயில் அடைத்துக்கொள்ளும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு. அந்த மாத்திரை இதயத்துக்காக என்பதைவிட மூளைக்காக என்று பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

குமரன்:

நடுவில் ஒரு கேள்வி. மேலறை முதலில், கீழறை பிறகு என்ற வரிசையை யார் முடிவு செய்கிறார்கள்? இதயத்தைச் சுருங்க வைக்கும் மின்சாரம் ஒரே நேரத்தில் எல்லா இடத்துக்கும் பரவிவிடாதா?

கதிர்:

நல்ல கேள்வி. பரவாமல் இருக்க ஒரு தடுப்பு இருக்கிறது. மேலறைத் தசையும் கீழறைத் தசையும் நேரடியாக ஒட்டியிருக்கவில்லை. நடுவே நார்த்திசுவாலான வளையங்கள், அவற்றில்தான் நான்கு வால்வுகளும் பொருத்தப்பட்டிருக்கின்றன. நார்த்திசு மின்துடிப்பைக் கடத்தாது. கடந்து போக ஒரே ஒரு வழி, மேலறை கீழறை எல்லையில் இருக்கும் ஏ.வி. கணு என்ற சிறு தசைத் திட்டும், அதிலிருந்து கிளம்பும் ஹிஸ் கற்றை என்ற இழைக்கட்டும்.

துடிப்பு பிறப்பது வலது மேலறையில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்துக்கு அருகிலுள்ள எஸ்.ஏ. கணுவில். அங்கிருந்து இரண்டு மேலறைகளுக்கும் பரவி, ஏ.வி. கணுவுக்கு வந்ததும் வேகம் வெகுவாகக் குறைகிறது. சுமார் 0.1 நொடி தாமதம். அந்த இடைவெளியில்தான் மேலறைகள் சுருங்கி முடிக்கின்றன. பிறகு ஹிஸ் கற்றை, வலது இடது கிளைகள், பர்கின்ஜி இழைகள் என்று மின்னல் வேகம். கீழறையின் உட்சுவர் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் செய்தி போய்விடும். கீழ்முனைப் பக்கம் முந்திக்கொள்ளும், வால்வுகள் இருக்கும் மேற்பகுதி கடைசி. வெளியேறும் வாயில்கள் அந்த மேற்பகுதியில் இருப்பதால் ரத்தம் அந்தத் திசையிலேயே நெருக்கப்படுகிறது.

இந்த ஏற்பாடு கண்டறியப்பட்டது தலைகீழ் வரிசையில். பர்கின்ஜி 1839-ல் கடைசி இழைகளை விவரித்தார். வில்ஹெல்ம் ஹிஸ் 1893-ல் கற்றையைக் கண்டார். ஜப்பானைச் சேர்ந்த சுனாவோ தவாரா 1906-ல் ஏ.வி. கணுவையும் முழுப் பாதையையும் ஒரே தொடராக விளக்கினார். மறு ஆண்டு, 1907-ல், ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் இருவரும் எஸ்.ஏ. கணுவைக் கண்டார்கள். ஆற்றின் முகத்துவாரத்தில் ஆரம்பித்து ஊற்றுக்கண்வரை போனார்கள் என்று சொல்லலாம். தவாராவின் பெயர் இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டும் என்பது என் ஆசை.

ஃபிப்ரிலேஷனில் மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்துடிப்புகள் கிளம்பும். அவ்வளவையும் கீழறைக்கு விட்டால் உயிர் போய்விடும். ஏ.வி. கணு தன் மெதுவான குணத்தால் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. அந்தத் தாமதம் ஒரு குறை இல்லை, காவல்.

குமரன்:

வால்வுகளைத் திறந்து மூடுவதும் இந்த மின்துடிப்புதானா? படத்தில் கயிறுகள்போல ஏதோ வால்வைப் பிடித்துக்கொண்டிருக்கிறதே.

தேன்மொழி:

இல்லை அண்ணா. அந்த நாண்கள் வால்வைத் திறப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை. திறப்பதும் மூடுவதும் அழுத்த வேறுபாடு மட்டுமே. நாண்களின் வேலை, மூடிய இதழ்கள் மேலறைப் பக்கம் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்வது. நாண்கள் கீழறைச் சுவரிலிருந்து நீளும் பாப்பில்லரி தசைகளோடு இணைந்திருக்கும், அந்தத் தசைகள் கீழறை சுருங்கத் தொடங்கும்போதே இறுகி நாண்களைத் தயாராக வைக்கும். மாரடைப்பில் ஒரு பாப்பில்லரி தசை அறுந்துபோனால் ரத்தம் பின்னோக்கி மேலறைக்கே பீறிடும், அது பெரிய அவசரநிலை.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு கணம் உண்டு. கீழறை சுருங்க ஆரம்பித்ததும் மிட்ரல் வால்வு மூடும். ஆனால் பெருந்தமனி வால்வு உடனே திறக்காது. பெருந்தமனியில் 80 மி.மீ. அழுத்தம் நிற்கிறது, கீழறையில் அப்போது இருப்பது 10 அளவுதான். 10 லிருந்து 80-ஐத் தாண்டும்வரை, ஏறத்தாழ 0.05 நொடிக்கு, இரண்டு வாயிலும் மூடிய அறைக்குள் ரத்தம் அடைபட்டு அழுத்தம் மட்டும் ஏறும். ஒரு சொட்டு வெளியே போகாது. தளரும்போதும் இதேபோல இரண்டும் மூடிய ஒரு சிறு நேரம் உண்டு. ஸ்டெதாஸ்கோப்பில் ‘லப்’ என்று கேட்பது மேல்கீழ் அறைகளுக்கு நடுவிலுள்ள வால்வுகள் மூடும்போது, ‘டப்’ என்பது பெருந்தமனி, நுரையீரல் தமனி வால்வுகள் மூடும்போது. இளைஞர்களை ஆழமாக மூச்சை உள்ளிழுக்கச் சொல்லிக் கேட்டால் அந்த ‘டப்’ இரண்டாகப் பிரிவது தெரியும். மூச்சை இழுக்கும்போது வலதுபக்கம் கூடுதல் ரத்தம் வருகிறது, அதை வெளியேற்ற வலது கீழறைக்குக் கொஞ்சம் நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, அதன் வால்வு சற்றுப் பிந்தி மூடுகிறது. முதல்முறை அதைக் காதால் கேட்டபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மல்லிகா:

இந்த இழையை முழுக்கப் படித்தேன். அம்மாவுக்கு எக்கோ எடுத்தார்கள். இ.எஃப். 62 சதவீதம், நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் அம்மாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரிப்போர்ட்டில் ‘கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’ என்றும் இருக்கிறது. இதயம் நன்றாக இருக்கிறதா, இல்லையா? கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள்.

அலைமகள்:

மல்லிகா, இங்கே ரிப்போர்ட்டை வைத்து அம்மாவுக்கு என்ன என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அந்த வார்த்தைகள் என்ன என்பதைச் சொல்கிறேன்.

இ.எஃப். என்பது, நிரம்பியிருந்த ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு. 120 மி.லி. நிரம்பி 70 போனால் 58 சதவீதம். யாருக்கும் 100 வராது, வரவும் கூடாது. அது சுருங்கும் வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறது. எவ்வளவு சுலபமாக நிரம்பியது என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது.

டயஸ்டாலிக் என்பது தளர்ந்து நிரம்பும் வேலை. வயது கூடினாலோ, ரத்த அழுத்தம் பல ஆண்டுகள் கூடுதலாக இருந்தாலோ கீழறைச் சுவர் தளர்வதில் தாமதமாகும். அப்போது தானாக நிரம்பும் ஈ அலை தாழ்ந்து, மேலறை தள்ளும் ஏ அலை அதைவிட உயரும். கிரேடு 1 என்றால் பெரும்பாலும் இந்த நிலை. வயதானவர்களில் மிகவும் சாதாரணமாகப் பார்ப்பது. அது மட்டுமே மூச்சு வாங்கக் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை, ரத்தசோகை, நுரையீரல் என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் இதய மருத்துவரிடம் இந்தக் கேள்வியை நேராகக் கேளுங்கள்: “நிரம்பும் அழுத்தம் கூடியிருக்கிறதா? இடது மேலறை அளவு என்ன?” பல மாதங்களாக, பல ஆண்டுகளாக அழுத்தம் கூடுதலாக இருந்தால் இடது மேலறை விரிந்துபோயிருக்கும். பார்க்கும் அன்று அழுத்தம் சரியாக இருந்தாலும் மேலறையின் அளவு பழைய கதையைக் காட்டிக்கொடுத்துவிடும். நான் எக்கோவில் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

கதிர்:

அலைமகள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தளர்வது என்றால் சும்மா விட்டுவிடுவது என்று நினைக்கிறோம். இதயத் தசைக்கு அப்படி இல்லை. சுருங்குவதற்காகச் செல்லுக்குள் பாய்ந்த கால்சியத்தை மறுபடி அதன் சேமிப்பிடத்துக்குள் ஏற்றினால்தான் தசை தளரும். அதற்குச் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. செலவாகிறது. இதயத்துக்கு ஆக்சிஜன் குறையும்போது முதலில் தடுமாறுவது சுருங்குவதல்ல, தளர்வது. இ.எஃப். நன்றாக இருந்தும் இதயச் செயலிழப்பின் அறிகுறிகளோடு வருபவர்கள், அந்த நோயுள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர். இதைப் பொதுமக்களிடம் போதுமான அளவு சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. மல்லிகா, அம்மாவின் மூச்சிரைப்பை ‘இ.எஃப். நார்மல்’ என்ற ஒரு வரியோடு விட்டுவிடாதீர்கள்.

மல்லிகா:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். அந்தக் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் கேட்கிறேன்.

ஏடுதேடி:

வரலாற்றுப் பக்கம் கொஞ்சம் போகலாமா? இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்ற மருத்துவர், வலது கீழறையிலிருந்து இடது கீழறைக்கு நடுச்சுவரின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ரத்தம் கசிவதாக எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் எல்லோரும் அதையே நம்பினார்கள். 13-ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-நஃபீஸ் அந்தச் சுவரில் துளை கிடையாது, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடது பக்கம் வர வேண்டும் என்று எழுதினார். 1628-ல் வில்லியம் ஹார்வி முழுச் சுற்றோட்டத்தையும் நிறுவினார். தமனியும் சிரையும் எங்கே சந்திக்கின்றன என்பதை அவரால் காட்ட முடியவில்லை. 1661-ல் மால்பிகி நுண்நோக்கியில் நுண்குழாய்களைப் பார்த்த பிறகுதான் அந்த இடைவெளி நிரம்பியது.

இந்த இழைக்குப் பொருத்தமான ஒன்று: இறந்துகொண்டிருக்கும் விலங்குகளின் இதயத்தை ஹார்வி கவனித்தபோது, கீழறைகள் நின்ற பிறகும் மேலறைகள் துடித்தன, எல்லாவற்றிலும் கடைசியாக நின்றது வலது மேலறை. எஸ்.ஏ. கணு அங்கே இருப்பது தெரிய இன்னும் சுமார் 280 ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது.

தேன்மொழி:

அருமை. மேலறை பற்றிப் பேசும்போது இன்னொரு வேலையையும் விடக்கூடாது. மேலறை ஒரு சுரப்பியும்கூட. 1981-ல் அடால்ஃபோ டி போல்டும் அவருடைய குழுவும் எலி மேலறைத் தசையின் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார்கள். அந்த எலிகளின் சிறுநீரில் உப்பும் நீரும் ஏகத்துக்கும் வெளியேறின. மேலறை அளவுக்கு மீறி விரிந்தால் அதன் தசையிலிருந்து ஒரு ஹார்மோன் சுரந்து, சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் வெளியேற்ற வைக்கிறது. ரத்தத்தின் கன அளவு குறைகிறது, மேலறையின் சுமை இறங்குகிறது. சிலருக்குத் திடீரென இதயம் படபடவென்று வேகமாகத் துடிக்கும்போது அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வளவன்:

ஒரு சுரப்பி என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை. கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். நான்கு அறையில் ஏதாவது ஒன்று இல்லாமல் மனிதன் வாழ முடியுமா?

கதிர்:

முடியும். முதல் ஆதாரம் நாம் எல்லோருமே. கருவில் இருக்கும்போது நுரையீரல் வேலை செய்யாது, ஆக்சிஜன் தாயிடமிருந்து வருகிறது. அதனால் இரண்டு மேலறைகளுக்கும் நடுச்சுவரில் ஒரு திறப்பு இருந்து, வலது மேலறைக்கு வந்த நல்ல ரத்தத்தின் பெரும்பங்கு நுரையீரலைச் சுற்றாமல் நேராக இடது மேலறைக்குப் போகும். பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரலுக்குள் ரத்தம் பாய்ந்து இடது மேலறையின் அழுத்தம் ஏறும், திறப்பின் மேலிருக்கும் சவ்வு அதே அழுத்தத்தால் சாத்திக்கொள்ளும். பிறகு ஒட்டிப்போகும். பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டியிருக்காது. பெரும்பாலானவர்களுக்கு அதனால் தொந்தரவும் இராது.

அறையே இல்லாமல் என்றால், ஒரே ஒரு கீழறை மட்டும் ஒழுங்காக வேலை செய்யும் நிலையில் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். பிரான்சைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் ஃபோன்டான் 1971-ல் வெளியிட்ட அறுவை சிகிச்சை முறை அவர்களுக்கு வழிகாட்டியது. இன்று செய்யும் வடிவத்தில் உடம்பிலிருந்து வரும் பெருஞ்சிரைகளை நேராக நுரையீரல் தமனியோடு இணைத்துவிடுகிறார்கள். நடுவில் வலது கீழறை இல்லை. இருக்கும் ஒரே கீழறை உடம்புக்கு ரத்தம் அனுப்பும். சிரைகளில் இருக்கும் சிறிய அழுத்தமும் மூச்சு இழுக்கும்போது மார்புக்குள் உண்டாகும் இழுவிசையும்தான் ரத்தத்தை நுரையீரல் வழியாகக் கொண்டு செல்கின்றன. இப்படி வாழ்ந்து பெரியவர்களானவர்கள் பலர் இருக்கிறார்கள்.

விலை இல்லாமல் இல்லை. சிரைகளில் அழுத்தம் எப்போதும் கூடுதலாகவே இருக்க வேண்டியிருப்பதால் காலப்போக்கில் கல்லீரல் பாதிக்கப்படுகிறது. ஓடும்போது நமக்கு வலது கீழறை வேகத்தையும் பலத்தையும் கூட்டி நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் அனுப்பும், அவர்களுக்கு அது முடியாது. ஓய்வில் எந்த வேறுபாடும் தெரியாத ஒருவர், ஓடச் சொன்னால் சீக்கிரமே நின்றுவிடுவார். வளவன், உங்கள் பெரியப்பாவை அடுத்தமுறை பார்க்கும் டாக்டரிடம், ஓய்வில் மட்டுமில்லாமல் நடந்த பிறகும் அவருடைய நாடித்துடிப்பு எவ்வளவு வரை ஏறலாம் என்று கேட்டு வையுங்கள்.